அடி விழும் வீட்டிலும் அவளுக்கு உரிமை உண்டு

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெண்களிடம் சில கேள்விகளைக் கேட்டார்கள். கணவர் அறைந்ததுண்டா, உதைத்ததுண்டா, கழுத்தை நெரித்ததுண்டா, விருப்பமில்லாதபோது உறவுக்குக் கட்டாயப்படுத்தியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். திருமணமான, 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்திய அளவில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். பக்கத்துக் கேரளத்தில் 9.9, கர்நாடகத்தில் 44.4. பெண் கல்வியிலும் பிரசவ கால மருத்துவத்திலும் முன்வரிசையில் நிற்பதாகப் பெருமைப்படும் நம் மாநிலம், இந்தக் கணக்கில் நாட்டின் சராசரியைத் தாண்டி நிற்கிறது. ஐந்து பெண்களில் கிட்டத்தட்ட இருவர்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் கூடுதல் வேதனை தருகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்கு. காவல் நிலையம், வழக்கறிஞர், மருத்துவர் என்று போனவர்கள் மிகச் சிலர். கணவர் அல்லது கணவரின் உறவினர் கொடுமை என்ற பிரிவில் 2022-இல் நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 1,40,019 என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே வகை. வீட்டுக்குள் நடப்பதோடு ஒப்பிட்டால் இதுவும் சிறு துளிதான்.

ஆகவே இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளைச் சுற்றி வருகிறது. வீட்டுக்குள் நடப்பது உண்மையில் என்ன? அதைச் சொல்ல வாய் திறக்கும் பெண்ணுக்கு நாம் தருவது உதவிதானா? என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். வன்முறையைப் புருஷன் பெண்டாட்டி சண்டையாக நினைத்து நடத்துவதால்தான் உறவினர் பேச்சு முதல் காவல் நிலையச் சமரசம் வரை நாம் செய்யும் உதவிகளில் பெரும்பகுதி அவளைத் திரும்பவும் அடி விழும் இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறது.

அடி மட்டும் அல்ல

சண்டையில் இருவரும் கத்துவார்கள், இருவருக்கும் கோபம் வரும், மறுநாள் இருவரும் அச்சமில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வன்முறை நடக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் பயந்துகொண்டே இருக்கிறார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பிள்ளைகள் டிவியை அணைக்கிறார்கள். குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று நாலு முறை ருசி பார்க்கிறாள். அம்மாவோடு பேசிய அழைப்பைப் போனிலிருந்து அழிக்கிறாள். மாதத்தில் ஒரு நாள்தான் அடி விழுந்தாலும் மீதி நாள்களையும் அந்த ஒரு நாள்தான் ஆள்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007-இல் எழுதிய நூலில் இதைத்தான் விரிவாக விளக்கினார். அடியைத் தனித்தனிச் சம்பவமாக எண்ணிக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது. யாரோடு பேசுகிறாள், எங்கே போகிறாள், எவ்வளவு செலவழிக்கிறாள், என்ன உடுத்துகிறாள் என்று ஒருத்தியின் வாழ்க்கை முழுவதையும் கைக்குள் வைத்திருப்பதுதான் குற்றத்தின் மையம் என்றார். இங்கிலாந்து 2015-இல் இப்படி அடக்கி ஆளும் நடத்தையையே தனிக் குற்றமாக்கியது.

இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்குப் பத்தாண்டு முன்பே, 2005-இல், பரந்த பார்வையோடு எழுதப்பட்டுவிட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனதாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என நான்கையும் குடும்ப வன்முறை என்கிறது. ஆண் குழந்தை பெறவில்லை என்று இழிவுபடுத்துவதும் வன்முறை, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் வன்முறை.

இதில் பொருளாதார வன்முறையைத்தான் நம் ஊரில் யாரும் வன்முறையாக நினைப்பதில்லை. தாய்வீட்டில் போட்ட நகை கேட்காமலே அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் வாங்கிக் கணவன் செலவழிக்கிறான். வாரத் தவணைக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து அரசு தரும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்குக்குத்தான் வருகிறது, ஆனால் எல்லா வீடுகளிலும் அவள் கைக்கு வருவதில்லை. கையில் பஸ் காசுகூட இல்லாத ஒருத்தியிடம் ‘ஏன் கிளம்பி வரவில்லை’ என்று கேட்கிறோம்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்காமல் இருந்தால் தங்கமான மனுஷன் என்பது எங்கும் கேட்கும் வாசகம். குடிக்கும் வன்முறைக்கும் நெருக்கமான தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. அடிக்கடி போதையேறிவரும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆனால் குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரிலும் 23 சதவீதம் பேர் அடிபட்டிருக்கிறார்கள். குடித்தவன் டாஸ்மாக் வாசலில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, மேஸ்திரியை அடிப்பதில்லை. வீடு வரைக்கும் நடந்துவந்து மனைவியை அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. குடியை நிறுத்தும் சிகிச்சை தேவைதான். அது முடியும்வரை அவள் அங்கேயே இருந்து பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

அடிக்குப் பிறகு சில வீடுகளில் அழுகையும் மன்னிப்பும் வரும். மல்லிகைப்பூ வரும், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வரும். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் இதை ஒரு சுழற்சியாக விவரித்தார்: இறுக்கம் கூடுகிறது, வெடிக்கிறது, பிறகு அன்பு பொழிகிறது, மீண்டும் இறுக்கம். எல்லா வீட்டிலும் இந்த வரிசை இருப்பதில்லை. இருக்கும் வீடுகளில் அந்த அன்பான நாள்களை நம்பித்தான் அவள் காத்திருக்கிறாள். அவளை முட்டாள் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. தான் நேசித்த மனிதன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அது.

ஏன் கிளம்பவில்லை?

முதல் காரணம் ஆபத்து. பிரியும் நேரமும் பிரிந்த பிறகான சில மாதங்களும்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை ஜாக்குலின் கேம்பெல் எண்பதுகளில் ஆபத்தை அளக்க ஒரு வினாப்பட்டியல் உருவாக்கினார். அடி அடிக்கடி விழத் தொடங்கியிருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்கிறானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, கழுத்தை நெரித்தானா என்று அது கேட்கிறது. கடைசிக் கேள்வியை நம்மவர்கள் எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கழுத்தை ஒரு முறை நெரித்தவன் பின்னாளில் அவளைக் கொலை செய்யும் சாத்தியம் ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளியே காயம் தெரியாது, தொண்டை கரகரக்கும், விழுங்க வலிக்கும், அவ்வளவுதான். ‘கழுத்தைப் பிடித்தான்’ என்று ஒரு பெண் சொன்னால் அதைப் பத்தோடு பதினொன்றாகக் கேட்கக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அன்றே பாதுகாப்பான இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம் போக இடம் இல்லாமை. பொருளியலாளர்கள் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பெண்களிடம் நடத்திய ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. சொந்தப் பெயரில் வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகால உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் அது 18 சதவீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. ஒரு பெண்ணின் பெயரில் பத்திரம் இருந்தால் அவளுக்குப் போக இடம் இருக்கிறது. அது இருப்பது கணவனுக்கும் தெரியும். கைநீட்டும் முன் அவன் யோசிக்கிறான். தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்த மாநிலம். நாடு முழுக்க அது வந்தது 2005-இல். ஆனாலும் இன்றும் மகளுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்துவிட்டு, ‘உன் பங்கு முடிந்தது’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். நகை அடகுக் கடைக்குப் போய்விடும். வீடு எங்கும் போகாது. பெற்றோர் தம் மகளைக் காப்பாற்ற ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால், சீர்வரிசைக்குச் செலவழிப்பதை அவள் பெயரில் ஒரு அறையாகவாவது எழுதிவையுங்கள் என்பேன்.

மூன்றாவது காரணம் நாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 45 சதவீதம் பேரும் ஆண்களில் 44 சதவீதம் பேரும், சொல்லாமல் வெளியே போவது, சமையல் சரியில்லாதது, மாமியாரை மதிக்காதது போன்ற காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காகவாவது கணவன் அடிப்பது சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவள் தாயும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும். ‘அனுசரிச்சுப் போம்மா, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும்’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் அடிபட்ட பெண்கள் அநேகமாக யாரும் இல்லை. அந்தத் தாய் கெட்டவள் இல்லை. ஆனால் 77 சதவீதம் பேர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கான விடையில் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

உதவி தேடிப் போகும் வழி

தாய்வீட்டைத் தாண்டினால் அடுத்தது ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கம், கட்சிக்காரர். அங்கே நடப்பது பஞ்சாயத்து. அதையும் தாண்டினால் மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. இன்று இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஆண் காவலர்கள் நிறைந்த ஸ்டேஷனுக்குள் நுழையவே தயங்கிய பெண்களுக்கு இது பெரிய வாசல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் உள்ளே பெரும்பாலும் நடப்பது என்ன? மனு கொடுக்கிறாள். மனு ரசீது, சி.எஸ்.ஆர். என்பார்கள், கொடுக்கப்படுகிறது, பல சமயம் அதுவும் கேட்டால்தான். இரு தரப்பையும் அழைத்து உட்கார வைக்கிறார்கள். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்குகிறார்கள். அவளிடமும், ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறேன் என்று எழுதி வாங்குவதுண்டு. பிறகு அவனோடே அனுப்பிவைக்கிறார்கள். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டாமா? ஸ்டேஷன் வரைக்கும் போனதற்கான தண்டனையும் சேர்த்து அவளுக்குக் கிடைக்கும்.

சமரசம் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. சமமான இருவருக்கு இடையில்தான் சமரசம் செல்லும். ஒருவரைப் பார்த்து ஒருவர் நடுங்கும் இடத்தில், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ‘நீ என்னம்மா சொல்றே’ என்று கேட்டால் அவளால் உண்மையைப் பேச முடியாது. அவளைத் தனியே கேட்க வேண்டும். முதல் கேள்வி, இன்று இரவு எங்கே தூங்குவாய், பத்திரமாக இருப்பாயா என்பதாக இருக்க வேண்டும்.

மருத்துவமனை இன்னொரு வாசல். நாம் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. அரசு மருத்துவமனையில் காயத்தோடு வருபவர்களுக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எப்படிக் காயம் பட்டது, யாரால், எப்போது என்று அதில் எழுதப்படும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்னால் அதுதான் பதிவாகும். கணவன் அடித்தார் என்றால் அது பதிவாகும். பின்னாளில் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரி பெரிய சாட்சி. பக்கத்தில் நிற்கும் கணவனை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நிமிடம் தனியே கேட்கும் செவிலியரால் ஓர் உயிர் தப்பிக்க முடியும்.

தீக்காயப் பிரிவுகளில் இது இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. ஸ்டவ் வெடித்தது என்ற வாக்குமூலம் தமிழ்நாட்டுக்குப் புதியதில்லை. பிள்ளைகள் அவன் கையில்தானே வளர வேண்டும் என்று எண்ணி, சாகும் தறுவாயிலும் உண்மையை மறைத்துப்போன பெண்கள் இருக்கிறார்கள். சென்னையில் 2001 முதல் இயங்கும் பிசிவிசி என்ற தொண்டு நிறுவனம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயமடைந்த பெண்களோடு தொடர்ந்து வேலை செய்துவருகிறது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய முறையில் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை நடப்பது பலருக்குத் தெரியும். அவள் உயிரோடு இருந்தபோது யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான் துயரம்.

சட்டம் என்ன தருகிறது

இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஒன்று குற்றவியல். 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாகியிருக்கிறது. கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. இது நடந்ததற்குத் தண்டனை தருகிறது. ஆனால் அவளுக்குச் சோறும் கூரையும் தருவதில்லை. இந்தப் பிரிவில் பொய் வழக்குகள் போடப்படுகின்றன என்ற குரலும் நெடுநாளாக உண்டு. யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் காவல் துறைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. கைதுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது சரி. ஆனால் தண்டனையில் முடியாத வழக்கெல்லாம் பொய் என்று எண்ணுவது தவறு. பாதியில் சமரசம் பேசி முடித்தவை, சாட்சி சொல்லத் துணியாதவை, அலைந்து அலைந்து ஓய்ந்துபோனவை அவற்றில் ஏராளம்.

இன்னொன்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம். இது அவளுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும் சட்டம். நீதித்துறை நடுவரிடம் ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்கலாம். அடிக்காதே, பின்தொடராதே, வேலையிடத்துக்கு வராதே என்ற பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டு வெளியேற்றாதே என்ற வசிப்பிட உத்தரவு. மருத்துவச் செலவு, ஜீவனாம்சம், இழப்பீடு. பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமை. ஆபத்து இருந்தால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கணவனின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் உயிர் 17-ஆம் பிரிவு. வீடு யார் பெயரில் இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. 2006-இல் உச்ச நீதிமன்றம், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகளுக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. உடனே எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பெற்றோர் பெயரில் காட்டி மருமகளை வெளியேற்றின. பதினான்கு ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில், மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று திருத்தியது. கணவனின் உறவினர் பெயரில் உள்ள வீடும் அவள் நிலையாக வாழ்ந்த வீடாக இருந்தால் அந்த உரிமை உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா அளித்த உத்தரவு இன்னும் ஒரு படி மேலே போனது. கணவனை வெளியேற்றினால்தான் வீட்டில் அமைதி என்றால் நீதிமன்றம் அப்படி உத்தரவிடத் தயங்கக் கூடாது என்று சொல்லி, அந்தக் கணவரை இரண்டு வாரத்துக்குள் வீட்டை விட்டுப் போகச் சொன்னார். அடிவாங்கியவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வருவதும், அடித்தவன் வீட்டில் கால் நீட்டிப் படுப்பதும்தான் இத்தனை காலமாக நம் வழக்கம். இந்தத் தீர்ப்பு அதைத் தலைகீழாக்கியது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. மகன் அடிக்கும் தாய்க்கும், அண்ணன் அடிக்கும் தங்கைக்கும், சாதி விட்டுக் காதலித்ததற்காகப் பெற்றோர் அறையில் பூட்டி அடிக்கும் மகளுக்கும் இது பொருந்தும். திருமணம் செய்யாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றம் ‘வயது வந்த ஆண்’ என்ற சொற்களைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டதால் மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம். முதியவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டமும் துணை. வீட்டில் அடிபடும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. காயப்படுத்துதல், மிரட்டல் போன்ற பொதுக் குற்றப் பிரிவுகளில் அவர்கள் புகார் கொடுக்கலாம்.

குறைகள் பெரியவை. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மனு முடிவது 60 நாளுக்குள் என்று சட்டம் எண்ணியது. பல மனுக்கள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. சட்டத்தின் கையும் காலுமான பாதுகாப்பு அலுவலர் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர் என்று இருந்தால், மலையோரக் கிராமத்துப் பெண்ணை அவர் எப்போது சந்திப்பார்? ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும், இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், உத்தரவான பணத்தை வசூலிக்கவே இன்னொரு வழக்கு நடத்த வேண்டியிருக்கிறது. மனைவி 18 வயதைக் கடந்தவளானால் கணவன் செய்யும் பாலியல் வல்லுறவு இன்றும் இந்தியாவில் குற்றவியல் சட்டப்படி வல்லுறவு அல்ல. 2023-இல் புதிய சட்டம் எழுதியபோதும் அந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வெட்கக்கேடு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இலங்கையிலும் இதே 2005-இல்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது, 34-ஆம் இலக்கச் சட்டம். ஆண் பெண் இருவருக்கும் அது பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அங்கே அரசு மருத்துவமனைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் தனி உதவி இடங்கள் இருக்கின்றன; காயத்துக்கு மருந்து போடும் இடத்திலேயே பேசவும் வழிகாட்டவும் ஆள் இருப்பது நாமும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு. மகளிர் உதவி எண் 1938. சிறு பிணக்கு என்று சொல்லி மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடும் பழக்கம் அங்கும் உண்டு. கடல் தாண்டினாலும் சமரச நோய் ஒன்றுதான்.

இன்று என்ன செய்யலாம்

இதைப் படிப்பவர் அந்த வீட்டுக்குள் இருப்பவரானால், இனி வரும் வரிகள் உங்களுக்கு. தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். உயிருக்கு ஆபத்து என்ற நொடியில் 112. மாவட்டந்தோறும் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவ உதவி, ஆலோசனை, காவல் உதவி, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வார்கள். அதற்குப் பிறகும் தங்க இடம் வேண்டுமானால் அரசின் தங்கும் இல்லங்களுக்கு அவர்களே அனுப்புவார்கள். பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் போதும், எண் 15100. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098.

கிளம்பும் முடிவை எடுப்பதற்கு முன்பும் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்றிதழ், நகை வாங்கிய ரசீது இவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். தாய்வீட்டில் போட்ட நகையும் சீரும் உங்கள் சொத்து. 1985-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம் அது. காயத்தைப் படம் எடுத்துத் தேதியோடு வேறொருவர் போனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். உங்கள் போனைக் கணவர் சோதிப்பவராக இருந்தால் உதவி எண்ணை வேறு போனிலிருந்து அழையுங்கள். அடி தொடங்கும் அறிகுறி தெரிந்தால் கத்தி, அரிவாள்மணை, மண்ணெண்ணெய் இருக்கும் சமையலறைப் பக்கம் போகாமல் வெளிவாசல் உள்ள பக்கம் வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு சொல்லைப் பேசிவையுங்கள். அந்தச் சொல் கேட்டால் அவர் போலீஸுக்குச் சொல்லட்டும். பிரியப் போகிறேன் என்பதைக் கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சேவை மையம் வரைக்கும் அது கொண்டுபோய் விடும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல். சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, வன்முறை நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ நம்பும் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது. அடுத்தவர் குடும்ப விஷயம் என்று டிவி சத்தத்தைக் கூட்டிவைக்காதீர்கள். அழைப்பு மணியை அழுத்தி, ஒரு டம்ளர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால்கூட அந்த நேரத்து அடி நிற்கும். மறுநாள் அவள் தனியாக இருக்கும்போது, ‘நான் நம்புறேன், உன் தப்பு இல்லை’ என்று சொல்லுங்கள். அவள் திரும்பவும் அவனிடமே போனாலும் கோபித்துக்கொண்டு உறவை முறிக்காதீர்கள். அடுத்த முறை அவள் கிளம்பும்போது வந்து நிற்க உங்கள் வாசல் இருக்க வேண்டும்.

181-ஐ அழைப்பதற்கு நீங்கள் புகார் கொடுக்கவோ, வழக்குப் போடவோ, வீட்டை விட்டு வரவோ முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. எதுவும் முடிவாகாத நிலையிலும், வெறுமனே பேசுவதற்காகவும் அழைக்கலாம்.